தும்மல் பிரபுவும் அடுப்படி கீஸ்லாவும்

எங்கள் ஊர் ரோக்காநெக்ராவில் யாருக்குப் பட்டப்பெயர் வைப்பதென்றாலும் கீஸ்லாதான். பிரபுவின் பொது அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள். வீட்டில் ரொட்டி சுட எங்களுக்கு உரிமை இல்லை. மாவைப் பிசைந்து அங்கேதான் தூக்கிப் போக வேண்டும். காலையில் அவள் வாயிலிருந்து விழுந்த பெயர், மதியத்துக்குள் ரொட்டியோடு எல்லா வீட்டுக்கும் போய்விடும். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள், அந்த நாக்கை வைத்துத்தான் பிழைத்தாள். எனக்கு அவள் வைத்த பெயரை இங்கே சொல்ல மாட்டேன்.

டால்மாவு பிரபு பட்டத்துக்கு வந்த அன்று வீரர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, அவர் கைக்குள் கைவைத்து சத்தியம் செய்து, முத்தம் வாங்கிக்கொண்டு போனார்கள். பெரிய தளபதியின் முறை வந்தபோது பிரபு அவர் முகத்திலேயே தும்மிவிட்டார். கீஸ்லா அன்றே 'தும்மல் பிரபு' என்றாள். மனுஷன் அதற்கப்புறம் இரண்டு கோட்டை பிடித்தார், ஆற்றுக்குப் பாலம் கட்டினார், ஒன்றும் எடுபடவில்லை. அப்பா ஓநாய்க்கொல்லி, தாத்தா நீளத்தாடி, இவர் தும்மல்.

கீஸ்லாவின் மகள் சௌரீனா, கார்டோனா உப்புமலைக்காரன் ஒருவனை விரும்பினாள். பிரபு விடுதலை தராமல் குடியானவர் வீட்டுப் பெண் வேற்றூருக்கு வாழ்க்கைப்பட முடியாது. அவரோ முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெண் அழுது அழுது துரும்பாகிவிட்டாள்.

ஒருநாள் பிரபுவே அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஊரே என்னை 'வீரன்'னு கூப்பிடணும். செஞ்சு காட்டு, உன் பொண்ணை விட்டுடறேன்."

"பார்க்கிறேன் பிரபு."

மாவோடு வந்த ஒவ்வொருத்தியிடமும் "நம்ம வீரன் டால்மாவு" என்று சொல்லிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. சீக்கிரமே, யார் தும்மினாலும் "உனக்கும் வீரம் வந்துடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தோம்.

பிரபு வந்து குதித்தார். "என்னடி இது!"

"நான் என்ன பண்றது? ஜனங்க கண்ணால பார்த்தது நீங்க தும்முனதைத்தான். வேற எதையாவது காட்டுங்க. புனித யோவான் திருநாள்ல, கோயில் வாசல்ல, சௌரீனாவை நீங்களே கைப்பிடிச்சுக் குடுங்க. அப்பன் இல்லாத பொண்ணு."

பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். திருநாளன்று அவர் பெண்ணை விடுவித்துக் கையைப் பிடித்துக் கொடுத்ததும், மாப்பிள்ளையின் அம்மா பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். உப்புமலைக்காரிக்குப் பிரபுவைத் தெரியுமா என்ன!

"சம்பந்தி! ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கீங்க? வீட்ல ஒழுங்கா சாப்பாடு போடுறதில்லையா?"

கோயில் வாசலே சிரிப்பில் அதிர்ந்தது. பிரபுவின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவளை விலக்கித் தள்ளவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து தும்மல் போய், 'சம்பந்தி பிரபு' ஆனார்.

மறுநாள் மறுபடியும் அடுப்படிக்கு வந்தார்.

"வீரன்னு கேட்டா சம்பந்தின்னு ஆக்கிட்டியே!"

"வீரன்னா ஜனங்க கதவைச் சாத்திக்குவாங்க பிரபு. சம்பந்தின்னா உரிமையா வந்து கேப்பாங்க."

"அதான்டி! கோட்டை வாசல்ல வந்து பாரு!"

வாசலில், வேற்றூருக்குப் பெண் கொடுக்க விடுதலை கேட்டு, பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தோம். முதல் ஆள் நான். என் மகளின் கையை இறுகப் பிடித்திருந்தேன். திரும்பி வந்த பிரபு அவளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மாப்பிள்ளைப் பையன் நல்லவனா?" என்று கேட்டார்.