பூதலிங்கம் சொன்னது என் வார்த்தை

பூதலிங்கத்தை நாங்கள் சங்கத்திலிருந்து நீக்கியது அவன் பேசிய ஒரு பேச்சுக்காக. அந்தப் பேச்சு அவனுடையது அல்ல... என்னுடையது! என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைத்தான் அவன் ஊரறியச் சொன்னான். அப்படிச் சொன்னதற்காக அவனை வெளியேற்றும் தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நான்தான்.

இதை அறிந்தவர்கள் அவனும் நானும் என் மனைவியும் மட்டுமே. இப்போது நீங்கள்.

நான் பட்டாளக்காரன். சுபேதாராக ஓய்வு பெற்று, இரணியலுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். எங்கள் வட்டாரத்து முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பூதலிங்கம் பட்டாளத்தில் என்னோடு ஒரே கம்பெனியில் இருந்தவன். ஹவில்தாராக வந்து, தோவாளையில் பிச்சிப்பூ பயிர் செய்கிறான். பனியிலும் மணலிலும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். நண்பன் என்று சொன்னால் அது சின்னச் சொல்.

தேர்தல் சமயம் அது. இராணுவக் கேன்டீனில் சாமான் வாங்கிக்கொண்டு அவனுடைய ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சந்திப்பில் ஒரு பேனர். நாட்டின் தலைவருடைய படம் ஆள் உயரத்துக்கு. அதன் காலடியில், எல்லையில் இறந்துபோன நம் மாவட்டத்துப் பையன் ஒருவனின் படம் சிறிதாக. அந்தப் பையனை நாங்கள் இருவரும் அறிவோம். அவனுடைய சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி வீட்டு முற்றத்துக்குத் தூக்கிச் சென்றவர்களில் நாங்களும் உண்டு.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"செத்தவனால வேண்டாம்னு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான அவனுக்க படத்தைக் காட்டி ஓட்டு கேக்காரு? நாட்டுக்கே தலைவரு... இவருக்கு வெக்கமா இல்லியா?"

பூதலிங்கம் கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினான். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் ஒரு முறை அதையே சொல்லிப் பொருமினேன். பிறகு காபி குடித்தேன், மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை.

சில நாட்களில், தோவாளைப் பூச்சந்தையில் கைப்பேசியும் மைக்குமாக ஒரு சேனல்காரர் வந்து ஆளாளுக்குத் தேர்தலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்ற பூதலிங்கத்திடமும் கேட்டிருக்கிறார். அவன் சொன்னான். தன்னை ஹவில்தார் என்று சொல்லிக்கொண்டு, நான் ஸ்கூட்டரில் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அந்த 'வெக்கமா இல்லியா' உட்பட!

காணொளி காட்டுத்தீயாகப் பரவியது. பாராட்டியவர்கள் உண்டு, திட்டியவர்கள் அதைவிட அதிகம். எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழு கொதித்தது. பட்டாளத்தில் இருந்தவன் பிரதமரைப் பொதுவில் பேசலாமா, படைக்கே கேவலமில்லையா என்று ஆளுக்கொரு குரல் பதிவு. நான் வாய் திறக்கவில்லை. என் மனைவி காணொளியைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள்.

"என்னங்க... பூதலிங்கம் அண்ணன் சொல்லுகது நீங்க அன்னைக்குச் சொன்னதுல்லா?"

"சும்மா கெட" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இங்கேதான் உங்களிடம் நான் கூசாமல் பேச வேண்டும். தலைவர் நாகர்கோவிலுக்கு வருவதாக இருந்தது. பிரசாரக் கூட்டத்தின் முன்வரிசையில் முன்னாள் படைவீரர்கள் பதக்கங்களோடு உட்கார வேண்டும் என்று கட்சிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஆட்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. அவ்வளவுதான்! என் பிழைப்புக்கு ஆபத்தில்லை, ஓய்வூதியத்துக்கு ஆபத்தில்லை. ஒரு நாற்காலி... முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்காகத்தான்.

அவசரக் கூட்டம் கூடியது. பூதலிங்கமும் வந்திருந்தான், ஒரு துணிப்பையோடு. நான் எழுந்து பேசினேன். சீருடையைக் கழற்றினாலும் நம் பெயருக்கு முன்னால் பதவி நிற்கிறது, நாம் பேசினால் படை பேசுவதாக உலகம் எடுத்துக்கொள்ளும், தலைவர் யாராயிருந்தாலும் அவரைப் பொதுவெளியில் விமர்சிப்பது நமக்கு அழகல்ல என்றேன். நன்றாகவே பேசினேன். கை தட்டினார்கள்.

நான் சொன்னது பொய்யா? முழுப் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் தலைவர்களை எடைபோடத் தொடங்கினால் நாடு என்னவாகும் என்ற பயம் எனக்கு உண்மையாகவே உண்டு. பணியில் இருந்த காலம் முழுவதும் நான் அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

ஆனால் ஓய்வு பெற்ற பிறகு? எல்லோரையும் போல அவனும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறான். ஓட்டுப் போட விரல் இருக்கிறவனுக்கு வாய் மட்டும் இருக்கக் கூடாதா? செத்த வீரனுக்காக இன்னொரு வீரன் பேசாமல் வேறு யார் பேசுவது? அதே சமயம், ஹவில்தார் என்ற சொல் இல்லாமல் அவன் பேசியிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்கள்? அந்தச் சொல்லை அவன் படையிடமிருந்து கடனாகத்தானே எடுத்துக்கொண்டான்? இரண்டு பக்கமும் எனக்கு நியாயம் தெரிகிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்தக் குழப்பத்தோடு எழுந்து பேசியிருந்தால் நான் குற்றவாளி அல்ல. நான் அப்படியா எழுந்தேன்? வருகிற ஞாயிற்றுக்கிழமை பதக்கங்களோடு போய்க் கை தட்டப்போகிறேன் என்பதை அறிந்தே எழுந்தேன். பதவியைச் சுமந்துகொண்டு தலைவரைக் குறை சொல்லக் கூடாது என்றால், அதே பதவியைச் சுமந்துகொண்டு அவருக்குக் கை தட்டலாமா? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை!

பூதலிங்கம் எழுந்தான். குரல் உயர்த்தவில்லை.

"மக்கா, நீ நெசமாவே அப்பிடித்தான் நெனைக்கியா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது.

"ஆமா" என்றேன்.

அவன் போட்டு உடைத்துவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் உடைக்கவில்லை. பையிலிருந்து சங்கத்துத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். தீர்மானத்துக்குக் கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என் கை.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையின் பின்திரையில் அந்தப் பையனின் படம் இருந்தது. தலைவர் எங்களை நோக்கிக் கையசைத்தார். நான் கை தட்டினேன். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினேன்...

அடுத்த மழைக்காலத்தில் முட்டத்தில் அந்தோணி இறந்துபோனான். எங்கள் கம்பெனிக்காரன். ஒரு முறை மலையில் காலில் அடிபட்டு விழுந்தவனைப் பூதலிங்கம்தான் முதுகில் சுமந்து கீழே கொண்டுவந்தான். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால் தொப்பியும் பதக்கமுமாகப் போய், வரிசையில் நின்று, மலர்வளையம் வைத்துச் சல்யூட் அடிப்போம். அன்றும் நின்றோம்.

பூதலிங்கம் எங்கள் வரிசையில் இல்லை. தோளில் துண்டோடு அக்கம்பக்கத்தாருடன் நின்றான். தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிப்பது எங்கள் படையில் வழக்கமில்லை. நாங்கள் கை உயர்த்தியபோது அவன் வேட்டியோடு ஒட்டிக் கைகளைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து, அசையாமல் நின்றான். சுமந்து வந்தவனுக்குச் சல்யூட் அடிக்க முடியவில்லை; எனக்கு முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தோணிக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தட்டினார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவனை மறித்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன் மக்கா. மன்னிச்சிரு."

அவன் கடலைப் பார்த்தபடி சொன்னான்.

"பட்டாளத்தான் வாயைத் தொறக்கணுமா மூடணுமான்னு எனக்கும் தெரியாது. நீ சபையில பேசுனது சரியாக்கூட இருக்கலாம். ஆனா நான் கேட்டப்ப ஆமான்னு சொன்னேல்லா... அதுதான் எனக்குத் தாங்கல."

"அதுக்குத்தான் மன்னிப்பு கேக்கேன்."

"இஞ்ச வச்சு எனக்க காதுல சொல்லி என்ன செய்ய? அவ்வளவு பேரு இருந்த எடத்துல சொன்ன. அந்த எடத்துல போய்ச் சொல்லு."

அவன் போய்விட்டான். கோபமாகப் போனதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் மாதாமாதம் கூட்டம் நடக்கிறது. முடிவில் செயலாளர் எழுந்து, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். நான் கேட்கிறேன். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். சொல்ல வேண்டியவன் நின்றுகொண்டிருக்கிறான்... பிறகு நாட்டுப்பண் பாடிக் கலைகிறோம்.

எதற்கு அஞ்சுகிறேன்? குண்டு விழும் இடத்தில் நின்றவன் நான்! தேநீர்க் குவளைகளோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்களின் முகங்களுக்கு அஞ்சுகிறேன். 'செயலாளர் இப்படிப்பட்டவரா' என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப்போகும் அந்த ஒரு நொடியை என்னால் நினைத்துப்பார்க்கக்கூட முடியவில்லை.

எனவே, அங்கே சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிவிட்டேன். என்ன ஆனாலும் ஒப்புக்கொண்டாரே என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைத்துவிடாதீர்கள்.

பூதலிங்கம் என்பது அவன் பெயர் அல்ல. யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று நான் மாற்றிவைத்த பெயர். அந்தோணியும் அப்படித்தான். சங்கத்துக்குப் பெயரே எழுதவில்லை. பூச்சந்தையில் அன்று அவன் பேசத் தொடங்கியபோது முதலில் சொன்னது தன் சொந்தப் பெயரை. அடுத்தது தகப்பன் பெயரை.

இதை முழுக்க எழுதி முடித்து, கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்தேன். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.