செய்தியில் கட்டிய வீடுகள்

போன வாரம் தெஹியோவிட்டவுக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அவசரத்தில் நேராக உள்ளே நடக்கப் பார்த்தேன். "ஐயோ சார், அது செவரு! வாசல் இந்தப் பக்கம்" என்று என் குடையைப் பிடித்து இழுத்தார் அந்த வீட்டுப் பெண்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அங்கே சுவர் இல்லை. வாசலும் இல்லை. வீடு என்று ஒன்றே இல்லை... புல், தூறல், கீழே ரப்பர் மரங்கள். அவ்வளவுதான்.

ஆனாலும் நான் சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாகத்தான் நுழைந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அரசாங்கச் செய்தி நிறுவனம் ஒன்றின் தமிழ்ப் பிரிவில் நான் வெகுகாலம் குப்பை கொட்டியவன் என்பது, இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறவன்! இப்போது அங்கே வரலாற்று மலர் போடுகிறார்கள். டெலிபிரின்டர் கடகடத்த காலம் முதல் வாட்ஸ்அப் காலம் வரை நிறுவனம் நடந்துவந்த பாதை. தமிழ்ப் பிரிவைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதித் தரும்படி இப்போதைய ஆசிரியர் போன் செய்தார்.

"சார், நம்ம தமிழ்ச் சேவையில எல்லாப் பேப்பரும் எடுத்துப் போட்டது அந்தத் தோட்ட வீட்டுச் செய்திதான். நீங்க அவிசாவளையிலதானே இருக்கீங்க? போய் அந்தச் சனங்களப் பாத்து, இப்ப எப்பிடி இருக்காங்க எண்டு நாலு வரி... ஒரு போட்டோ..."

எனக்கும் அந்தச் செய்தி ஞாபகம் இருந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தது. மண்சரிவு அபாயத்தில், லயத்தின் ஒற்றை வரிசை அறைகளில் இருந்த தோட்ட மக்களுக்கு மேல் மலையில் புது வீடுகள். அமைச்சர் நாடா வெட்டினார். பால் பொங்கியது. முனியாண்டி என்ற பெரியவர் கண்ணீர் மல்க, "இனி மழை பெய்தால் எனக்குப் பயமில்லை" என்றார். பரவாயில்லையே, நம் பையன்கள் நன்றாக எழுதுகிறார்களே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தெஹியோவிட்டவில் பஸ்ஸை விட்டிறங்கி ஆட்டோ பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். "ஏ உட கெவல் நே மாத்தயா." மேலே வீடுகள் கிடையாதாம். இவருக்கு இடம் தெரியவில்லை என்று நான் முடிவுகட்டினேன். அரசாங்கச் செய்தியில் ஊறியவனுக்கு அப்படித்தானே தோன்றும்?

லயத்துக்கு முன்னால் இறக்கிவிட்டார். காலியாக இருக்கவேண்டிய பழைய லயம். ஆனால் எல்லாக் காம்பரா அறையிலும் புகை வந்தது. சுவர்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதில் பொலித்தீன் அடைத்திருந்தார்கள். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து வாளி கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், முனியாண்டி வீடு எது என்று கேட்டேன்.

"எங்க மாமா வீடுங்களா?" அவர் கையைத் துடைத்தார். "மேல இருக்கு சார். வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

அவர் பெயர் செல்வராணி. முனியாண்டியின் மருமகள். ஏறும்போதே கதையைச் சொன்னார்.

"விழாவுக்கு முந்தியே நியூஸ்காரர் வந்தாரு சார். பேரெல்லாம் எழுதினாரு. வீடு கெடச்சா எப்பிடி இருக்கும்னு மாமாகிட்ட கேட்டாரு. மழைக்குப் பயமிருக்காதுன்னு மாமா சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

இந்த இடத்தில் எங்கள் தொழில் இரகசியம் ஒன்றைச் சொல்லவேண்டும். அமைச்சர் விழா என்றால் செய்தியை முதல் நாளே எழுதிவிடுவோம். 'நாடா வெட்டினார்', 'மக்கள் மகிழ்ந்தனர்' — எல்லாம் இறந்தகாலத்திலேயே! மேலே ஒரு குறிப்பு இருக்கும்: விழா முடிந்ததும் வெளியிடவும். விழா நடந்த இடத்திலிருந்து 'முடிந்தது' என்று போன் வந்தால் செய்தி வெளியே போகும். எல்லாக் காலத்திலும் இப்படித்தான். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. கொஞ்சம் முந்திக்கொண்ட உண்மை, அவ்வளவுதான்.

அன்றைக்கு யாரும் போனுக்குக் காத்திருக்கவில்லை போலிருக்கிறது. அதைவிட, அது அடிக்கல் நாட்டு விழா மட்டுமே. கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் அடிக்கல் வளர்ந்து வீடாகிவிட்டது.

"மழ புடிச்சிருச்சு. மினிஸ்டர் வரல. சுண்ணாம்புக் கோடு போட்டதோட சரி, அத்திவாரங்கூட வெட்டல. அன்னிக்கு வெள்ளனவே மாமா படுத்திருந்த பக்கம் செவரு விழுந்து, மாமா அதுலயே போயிட்டாரு சார்..." செல்வராணி நின்று மூச்சு வாங்கினார். "கேதத்துக்குத் தப்பு அடிச்சுக்கிட்டிருக்காங்க. பக்கத்துக் காம்பராவுல ரேடியோ. அதுல மாமா பேரு வருது. புது வீட்டுல சந்தோசமா இருக்காராம், மழைக்குப் பயமில்லையாம். தப்பு அடிச்சவங்க கை அப்பிடியே நின்னுருச்சு."

எனக்கும் கால் நின்றுவிட்டது.

"அதுக்கப்புறம்?"

"எந்த ஆபீசுக்குப் போனாலும், உங்களுக்குத்தான் வீடு குடுத்தாச்சேங்கிறாங்க. எங்க லயம் காலின்னு பதிஞ்சுட்டாங்களாம். மண்சரிவுன்னா பக்கத்து லயத்துக்கு ஆள் வந்து சொல்லுவாரு, எங்க வாசல்ல நின்னுகூடப் பாக்க மாட்டாரு. நாங்கதான் அங்க இல்லையே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மேலே ஏறியதும் பனிமூட்டத்துக்குள் அந்தப் புல்வெளி தெரிந்தது. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கண்ணுக்குப் பிடிபட்டது. இடுப்பளவு புல், நேர் நேர் கோடுகளாக நின்றது. கோடுகளுக்கு நடுவே தரை வழவழவென்று மிதிபட்டுக் கிடந்தது. பழைய சுண்ணாம்புக் கோடு சுவர் என்றால், சுவர்மேல் யார் நடப்பார்கள்? இத்தனை காலமாக யாரும் மிதிக்காததால் புல்லே சுவராக வளர்ந்துவிட்டது. அறைகள், அடுப்படி, முன்னால் இஸ்தோப்புத் திண்ணை... வரிசையாக, அச்சடித்த மாதிரி வீடுகள்.

அப்போதுதான் நான் சுவருக்குள் நடக்கப் பார்த்ததும், அவர் என் குடையைப் பிடித்து இழுத்ததும்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்வராணி உள்நோக்கிக் குரல் கொடுத்தார்: "மாமா, ஆள் வந்திருக்காங்க." ஒரு கணம் பொறுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க" என்றார்.

நானும் செருப்பைக் கழற்றினேன். ஈரமண் சில்லென்றது.

"அவரு மட்டுந்தான் சார் குடிவந்திருக்காரு. நாங்க மழைக்கு மட்டும் வர்றோம். இந்த மண் சரியாதுன்னு அளக்க வந்த இஞ்சினியர் சொன்னாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை வலுத்தது. கீழேயிருந்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். குடை, பொலித்தீன், இடுப்பில் குழந்தை, கையில் சோற்றுச் சட்டி. யாரும் குறுக்கே நடக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலில் திரும்பி, செருப்பைக் கொட்டும் மழையில் விட்டுவிட்டு, தன் வீட்டுக்குள் போய் நின்றது. அடுத்த வீட்டுக்காரி புல்லுக்கு அந்தப் பக்கமிருந்து, "செல்வராணி, நெருப்புப்பெட்டி இருக்கா?" என்றாள். எட்டிக் கொடுத்துவிடலாம், கைக்கெட்டும் தூரம்தான். செல்வராணி வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு, அவள் வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்தார்.

பேய், பிசாசு என்று எதையாவது கண்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இவர்களுக்குப் பைத்தியம் இல்லை. அரசாங்கம் வீடு இருக்கிறது என்றது. இவர்கள் அந்த அரசாங்கத்தின் வார்த்தையை நம்பி நடந்துகொள்கிறார்கள். நாம் எல்லாரும் செய்வது வேறென்ன?

கிளம்பும்போது செல்வராணி கேட்டார். "சார், செய்தியில வந்துதான் எங்களுக்கு வீடு வந்துச்சு. இல்லைன்னும் செய்தியிலதான் வரணும். இப்ப புது வீட்டுக்கு லிஸ்ட் எடுக்கிறாங்க. மேல வீடு இல்லைன்னு ஒரு வரி எழுதினா எங்களயும் சேத்துக்குவாங்க. பெரிய மழைக்கு முந்தி எழுதுவீங்களா?"

எழுதுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். நடந்தது அத்தனையும், பூசி மெழுகாமல்.

அடுத்த நாளே ஆசிரியரின் போன். "அருமை சார்! உங்க நடையே தனி. ஒண்டே ஒண்டு... இத்தனை கால வரலாற்றில நம்ம நிறுவனம் திருத்தம் எண்டு ஒண்டு போட்டதே இல்ல. அதுதானே நம்ம பெருமை? அதனால கடைசிப் பகுதிய மட்டும் கொஞ்சம் சுருக்கியிருக்கேன்."

சுருக்கியதை அனுப்பியிருந்தார். 'அம்மக்கள் இன்றும் அவ்வீடுகளில் மகிழ்ச்சியுடன் வாழ்ந்து வருகின்றனர்' என்று இருந்தது. கீழே செல்வராணியின் பெயரில் ஒரு நன்றி வார்த்தை வேறு. அவர் சொல்லாதது.

நான் கத்தினேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் மிகப் பணிவாக, "சரி சார், பேர எடுத்திர்றம்" என்றார். மலர் அச்சுக்குப் போய்விட்டது.

இந்த வாரம் மழை தொடங்கியது உங்களுக்குத் தெரியும். நேற்றுச் செல்வராணிக்குப் போன் செய்தேன். குடைமேல் மழை அடிக்கும் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வீட்டுலதான் சார்."

"எல்லாரும் பத்திரமா?"

"எல்லாரும் இருக்கோம் சார். மாமாவும்."

அவருக்குப் பின்னால் யாரோ வயதான மனிதர் இருமியது கேட்டது. அந்த லயத்தில் கிழவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

போனை வைத்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். லிஸ்ட் எடுக்கும் ஆபீசில் யாராவது இந்தப் பக்கத்தைப் படிப்பார்களா? தெரியாது. ஆனால் செய்தி எழுதுவது எப்படி என்று எனக்கு இன்னும் மறக்கவில்லை.

திருத்தம்: தெஹியோவிட்ட மேல் மலையில் வீடுகள் கிடையாது. கீழே லயம் காலியாக இல்லை. முனியாண்டி இறந்துவிட்டார். மற்றவர்கள் மழையில் நிற்கிறார்கள்.

உடனடியாக வெளியிடவும்.