எங்கள் விமானச் சங்கம்

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், யாழ்ப்பாணத்துப் புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயல்வெளியில் ஒரு விமானச் சங்கம் இயங்கியது. அங்கத்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருத்தி நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. சங்கத்திடம் இருந்த விமானம் ஒன்றே ஒன்று. அதன் இறக்கையின் நீளம் ஏறக்குறைய என் உயரம்.

சங்கத்தை அமைத்தவர் சித்தப்பா. இலண்டனுக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவர். கல்யாணம் பேசியிருக்கிறது, வா என்று அப்பா எழுதியதை நம்பி ஊருக்கு வந்தார். வந்த பிறகு பெண் வீட்டார், நாட்டு நிலைமை கொஞ்சம் அடங்கட்டும் என்று தவணை சொன்னார்கள். நிலைமை அடங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் அவர் தன் பெரிய சூட்கேசைத் திறந்தார். மெல்லிய மரச் சட்டங்களில் பட்டத்தாளைப் போன்ற தாள் ஒட்டிய இறக்கைகள், எலுமிச்சங்காய் அளவில் ஓர் எஞ்சின், இழுத்தால் நீளும் கம்பியோடு கையில் பிடிக்கும் ஒரு பெட்டி. பெட்டியில் இருக்கும் சின்னத் தடிகளை அசைத்தால் மேலே பறக்கிற விமானம் திரும்பும் என்றார். அம்மா நம்பவில்லை. நான் உடனே நம்பிவிட்டேன்.

அடுத்த நாளே பறக்க விடுவார் என்று நினைத்தேன். சித்தப்பா அப்படிப்பட்டவர் இல்லை. இலண்டனில் அவர் ஒரு சங்கத்தில் இருந்தவராம். அங்கே அங்கத்துவம் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்க முடியாது. காப்புறுதி இல்லாமல் அங்கத்துவம் கிடையாது. ஆட்களின் தலைக்கு மேலே பறக்கவிடக் கூடாது. விமானம் தவறிப் போனால் தேடிப் போய், யாருக்கு என்ன சேதம் என்று கேட்டு ஈடு செய்ய வேண்டும். இங்கே சங்கமும் இல்லை, மைதானமும் இல்லையே என்று அப்பா சொன்னதற்கு, விதி ஊருக்கு இல்லை, பறக்கிறதுக்குத்தான் என்று பதில் சொன்னார்.

காப்புறுதி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாண ரவுணுக்குப் போனார். காப்புறுதிக் கந்தோரில் இருந்த ஐயா மரியாதையான மனிதர். லொறிக்கு, வள்ளத்துக்கு, உயிருக்கு எல்லாம் விண்ணப்பம் வைத்திருந்தார். இதில் ஆள் ஏறுமா என்று கேட்டார். ஏறாது என்றதும், அப்படியென்றால் யாருக்கு ஆபத்து என்றார். கீழே நிற்கிறவர்களுக்கு என்று சித்தப்பா விளங்கப்படுத்தினார். அந்த ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலவரத்தாலும் யுத்தத்தாலும் வருகிற சேதத்துக்கு எந்தக் கம்பனியும் பொறுப்பில்லை, இனிமேல் மேலேயிருந்து விழுகிற சாமான்களில் எது எதைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கத் தன்னால் முடியாது என்று மெதுவாகச் சொன்னார். பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கம்பனி தராத காப்புறுதியை அங்கத்தவர்களே ஒருவருக்கொருவர் கொடுப்பது என்று முடிவாகியது. வயலுக்குப் பக்கத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவரைச் சித்தப்பா முதலில் சேர்த்துக்கொண்டார். விழுந்தால் அவருடைய கன்றுகளில்தான் விழும், அவரே அங்கத்தவராக இருந்தால் வழக்கு வராது. அப்பா தலைவர். நான் இளைய அங்கத்தவர்.

வயல் வரம்பில் நின்ற பூவரசில் சித்தப்பா ஒரு பலகையை அடித்தார். அதில் ஆணிகள் வைத்து, உடுப்புக் காயவிடும் கிளிப்புகளை ஆறு நிறத்தில் மாட்டினார். ஒவ்வொரு நிறமும் ஓர் அலைவரிசை. எங்களுடையது மஞ்சள். மஞ்சள் கிளிப்பைக் கையில் எடுத்தவர் மாத்திரமே பெட்டியின் சுவிட்சைப் போடலாம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் போட்டால் விமானம் யாருக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாமல் விழுந்துவிடும்.

"இந்தப் பக்கத்திலை உன்னைவிட்டா வேறை ஆரடா இருக்கினம்?" என்று அப்பா கேட்டார்.

"இல்லையெண்டு எப்பிடி அண்ணை தெரியும்?" என்றார் சித்தப்பா.

பங்குனி வெயிலில் வயல் வெடித்துக் கிடந்தது. விமானம் நான்கைந்து பின்னேரங்கள் ஒழுங்காகப் பறந்தது. குளவி இரைகிற மாதிரிச் சத்தம். எஞ்சினுக்கு ஊற்றிய ஆமணக்கெண்ணெய் கருகுகிற மணம் வயலெல்லாம் நிற்கும். வீதியில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். சித்தப்பா அவர்களை வரம்புக்கு அப்பால் நிற்கச் சொல்லுவார், அவர்களும் நின்றார்கள். சைக்கிளில் வந்த இரண்டு பொடியன்கள் மட்டும் மேலே பார்க்காமல் சித்தப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

ஒருநாள், நல்ல உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் திடீரென்று ஒரு பக்கம் வெட்டியது. சித்தப்பா தடியை அசைத்தார். அது கேட்கவில்லை. மறுபடியும் வெட்டியது. இரண்டு தரம் சின்னதாக, பிறகு நீளமாக ஒன்று. பிறகு கொஞ்ச நேரம் நேராகப் போனது. மறுபடி சின்னச் சின்ன நடுக்கம். யாரோ கேட்கிற கேள்விக்குத் தலையாட்டுகிற மாதிரி இருந்தது. சித்தப்பா இரண்டு பெருவிரல்களையும் தடிகளிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தொடாமலே அது தலையாட்டியது.

"ஆரோ கதைக்கினம்," என்றார் சித்தப்பா, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எங்கடை அலைவரிசையிலை ஆரோ வயர்லெஸ்ஸிலை கதைக்கினம்."

நான் காது கொடுத்துக் கேட்டேன். குளவிச் சத்தம் மட்டுமே கேட்டது. விமானம் காற்றை எதிர்த்து வடக்குப் பக்கமாகத் திரும்பி, பனைகளுக்கு மேலே சின்னதாகிப் போனது. அது மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. நான் ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன். மஞ்சள் ஆணி வெறுமையாகத்தான் இருந்தது. கிளிப் சித்தப்பாவின் சட்டையில் கொளுவியிருந்தது.

அடுத்த நாள் காலை, விதிப்படி தேடப் போனோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதை என்று அம்மா மறித்தாள். பிள்ளை கூட வந்தால் ஒருவரும் பிழையாக நினைக்க மாட்டார்கள் என்றார் சித்தப்பா. வீடு வீடாகப் படலையில் நின்று கேட்டோம். தகரம் கிழிந்ததா, மாடு வெருண்டதா, எங்கள் விமானத்தால் ஏதும் நட்டமா? ஒருவரும் காணவில்லை என்றார்கள். நேற்று வரம்பில் நின்று கைதட்டிய ஒருவர்கூட, என்ன விமானம் என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஒழுங்கையின் கடைசியில் ஒரு கல்வீடு. வீட்டுக்காரர்கள் கொழும்பில் இருந்தவர்கள். பல வருடமாகப் பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு அப்போது புதிதாக வேலி அடைத்திருந்தது, எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்கு. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. எங்களைப் பார்த்தும் குரைக்கவில்லை. வீட்டு முகட்டிலிருந்து பின்னால் நின்ற பனையின் உச்சி வட்டு வரைக்கும் ஒரு கம்பி போயிருந்தது. இவ்வளவு உயரத்தில் எப்படி உடுப்புக் காயப் போடுவார்கள் என்று நான் சித்தப்பாவைக் கேட்டேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். திரும்பிப் போய்விடுவோம் என்பது போல ஓர் எட்டுப் பின்னால் வைத்தார். அதற்குள் படலை திறந்தது.

சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஓர் இளைஞர். தாடி இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. கையில் எங்கள் விமானம். ஓர் உடைவும் இல்லை. எப்போதும் எண்ணெய் வழிந்து கிடக்கிற அதன் மூக்கை யாரோ சீலையால் துப்புரவாகத் துடைத்திருந்தார்கள். இறக்கையைக் கட்டுகிற ரப்பர் வளையங்கள் சித்தப்பா போடுகிற மாதிரி இல்லாமல் வேறு மாதிரிப் பின்னியிருந்தன.

சித்தப்பா அதை வாங்கிக்கொண்டு, ஏதும் சேதம் என்றால் சொல்லச் சொன்னார். ஒரு சேதமும் இல்லை, அதுவாகவே வந்து முற்றத்தில் இருந்தது என்றார் அந்த இளைஞர். நல்ல இதமான குரல். பிறகு கேட்டார்:

"உது எவ்வளவு பாரம் தூக்கும் அண்ணை?"

"தன்ரை பாரத்தைத்தான் தூக்கும்."

"உங்கடை சங்கத்திலை புது ஆக்களைச் சேர்ப்பியளோ?"

சங்கம் என்று ஒன்று இருப்பது இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா விமானத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். காப்புறுதி இல்லாமல் ஒருவரையும் சேர்க்க முடியாது, அது விதி என்றார்.

அந்த இளைஞர் சத்தம் வராமல் சிரித்தார். "எங்களுக்கு ஆர் அண்ணை காப்புறுதி தரப்போகினம்?"

அன்று பின்னேரமே சங்கத்தின் பொதுக்கூட்டம் கூடியது. புகையிலைத் தோட்டக்காரரும் வந்தார். இயக்கத்துப் பொடியன்கள் கண் வைத்துவிட்டார்கள், சங்கத்தைக் கலைப்பது என்று சித்தப்பா பிரேரித்தார், அப்பா உடனே ஆமோதித்தார். நான் மட்டும் கையுயர்த்தி எதிர்த்தேன். வேறு நேரமென்றால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் சித்தப்பா விமானத்தைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். அது எரிந்து முடிய ஒரு கை கழுவுகிற நேரம்கூடப் பிடிக்கவில்லை. பெட்டியைக் கோடாலியால் உடைத்துக் கிணற்றுக்குள் எறிந்தார். நான் அழுது புரண்டேன். ஒருவரும் என்னைத் தேற்ற வரவில்லை. அந்தக் கிழமையே அவர் கொழும்புக்கு ரயில் ஏறினார். அங்கிருந்து இலண்டன். கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அவர் போன சில நாட்களில் அந்த இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்பகல் நேரம். அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் படலையடியில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, சித்தப்பா நிக்கிறாரோ?"

"இல்லை. இலண்டனுக்குப் போயிட்டார்."

"அந்தப் பிளேன்?"

"எரிச்சுப் போட்டார்."

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். கரி இன்னும் கிடந்தது. கொஞ்சம் தண்ணீர் கேட்டார். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, செம்பைக் கவனமாகத் திண்ணைக் குந்தில் வைத்தார்.

"அவசரப்பட்டிட்டார்," என்றார். பிறகு வீட்டைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டினார். "அப்பா எத்தினை மணிக்கு வருவார்?"

அஞ்சு மணி பஸ்ஸில் வருவார் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

திரும்பிப் பார்த்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது. வெளியே வந்து வெறும் மண்ணில் அப்படியே குந்தினாள். என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தி, அந்தத் தம்பி கேட்டது என்ன, நான் சொன்னது என்ன என்று கேட்டாள். சொன்னேன். மறுபடியும் சொல் என்றாள். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லப் போனால் ஒருநாளும் முழுக்கக் கேட்காத அம்மா, என் வாயையே பார்த்தபடி இருந்தாள். நான் கதை சொல்லுகிற விதம் அவளுக்குப் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, அந்த அண்ணையின் இதமான குரலிலேயே, ஒரு சொல்லும் விடாமல், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.