ஐந்தாம் மேட்டில் கேட்ட எண்கள்

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்கள் நம்பிக்கையால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணையும் விளக்கு என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் பார்த்தது பகலில். நவம்பர் 23, வியாழக்கிழமை, காலை 10:20-க்கும் 11:35-க்கும் நடுவில். நேரம் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. பதினொரு வருடமாகப் பொய் மட்டுமே எழுதிய நோட்டு அது. அந்த ஒரு பக்கம்தான் பொய்யில்லை.

என் பெயர் சைராகுல். கிர்கிஸ் மலைக்குள் சாரி-ஜார் என்றொரு ஊர். மாஸ்கோவிலிருந்து ஆண்ட காலத்தில் எங்கள் மலையைக் குடைந்து யுரேனியம் எடுத்தார்கள். யாருடைய உலைக்கோ, யாருடைய குண்டுக்கோ போய்ச் சேர்ந்தது அது. அரைத்துப் பிழிந்த சக்கையை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டு, ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்றோரமாக ஒன்பது மேடுகள். மேலே காங்கிரீட் பலகை, சுற்றிலும் முள்வேலி, மண்டையோடு வரைந்த தகரம். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வேலியை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பலகையைப் பெயர்த்து மாட்டுத் தொழுவத்துக்குத் தரை போட்டார்கள். மண்டையோட்டுத் தகரம் ஒருவன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாகத் தொங்குகிறது. கோழிகள் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. மனிதர்களே பயப்படவில்லை, கோழிக்கு என்ன வந்தது?

என் வேலை ஐந்தாம் மேட்டை அளப்பது. அங்கே பன்னிரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கம்பத்தடியிலும் கருவியை நீட்டி, கதிர்வீச்சு எவ்வளவு என்று எழுத வேண்டும். நான் அதை அலுவலகத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே செய்வேன். போன மாத எண்ணோடு 0.02 கூட்டு. அடுத்த மாதம் 0.02 கழி. கீழே ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுது. மேலதிகாரி தூய்ஷோன்பெக் கையெழுத்துப் போடுவார். அவர் பேனாவைத் திறக்கும் அழகைப் பார்க்க வேண்டும். நாட்டையே எழுதி வாங்குகிறவர் மாதிரி திறப்பார்.

அந்த வாரம் அவருக்கு முதல்முறையாக வியர்த்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று வெள்ளிக்கிழமை வருகிறதாம்.

“சைரா, இந்தத் தடவ மேல போய்ட்டு வந்துரு.”

“எதுக்கு பைக்கே?” எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் பைக்கேதான், அண்ணன்தான். மரியாதை மனதில் இருக்கவேண்டிய அவசியமில்லை.

“ஒவ்வொரு கம்பத்துக்கிட்டயும் நின்னு ஒரு போட்டோ எடு. அவங்களுக்கு போட்டோ வேணும்.”

“நம்பர்?”

“நம்பர்தான் இருக்குல்ல! பழச எழுதிக் குடு. நீ என்ன புதுசா படிக்கப்போறியா?”

ஜீப் ஓட்டியவன் மமசாலி. முப்பத்தெட்டு வயது. எப்போதும் கீழுதட்டுக்குள் புகையிலை. மேட்டடிவாரத்தில் வண்டியை நிறுத்தினான். மணி 10:20. பனிமூட்டம் ஆற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“நான் வரமாட்டேன் எஜே.” எஜே என்றால் அக்கா.

“பயமாடா?”

“வீட்டுல நாலு வயசுப் பொண்ணு இருக்கா. செருப்புல ஒட்டிக்கிட்டு வரும்ங்கறாங்க. உங்களுக்கென்ன, நீங்க அளந்து அளந்து பழகினவங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்.

“பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஹாரன் அடிக்கிறேன். சத்தத்த வச்சு எறங்கி வந்துருங்க.”

ஏறினேன். புல்லெல்லாம் உறைபனி. காலடியில் நறுக், நறுக் என்று நொறுங்கியது. முதல் கம்பம். கருவியைப் போட்டேன். 0.58. நான் வழக்கமாக எழுதுவது 0.31. போட்டோ எடுத்தேன். இரண்டாவது கம்பம், 0.66. மூன்றாவது, 0.83. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினொரு வருடமாக நான் கற்பனை செய்த மேடு, இந்த மேட்டைவிட எவ்வளவு யோக்கியமானது!

10:41. மூட்டம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்டிக்...

அளக்கும் கருவியின் சத்தம். என்னுடையது இல்லை. என்னுடையது புதிது, மெல்லமாகக் கூவும். இது பழைய காலத்துப் பெட்டிக் கருவி. எனக்கு முன்னால், நாலாவது கம்பம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து வந்தது.

தூய்ஷோன்பெக் என்னை வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். ஆத்திரம் வந்தது.

“யாரது?”

டிக்... டிக்...

நாலைந்து எட்டு வைத்தேன். ஒரு பெரியவர். பருத்தி அடைத்த பழைய மேலங்கி. காதில் கறுப்பு ஹெட்போன். தோளில் மரப்பெட்டி. கையில் நீளக் கோல். கம்பத்தடியில் கோலை நீட்டிக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

“எழுது. நாலு. சைபர் பாயிண்ட் ஒம்போது ஒண்ணு.”

“நீங்க யாரு பெரியவரே?”

“அளக்கிறவன்.”

“எந்த ஆபீஸ்?”

“ஆபீஸ்ல உக்காந்து அளக்கிறவ நீ.” குரலில் கோபமே இல்லை. காலில் ஒட்டியதைத் தட்டிவிடுகிற மாதிரிச் சொன்னார். “எழுதுவியா மாட்டியா?”

எனக்குச் சுருக்கென்றது. கிழவனைப் பொய்யாக்க வேண்டும் என்று என் கருவியை அதே இடத்தில் நீட்டினேன்.

0.00.

தட்டினேன். பேட்டரியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. 0.00.

இது உங்களுக்குப் புரியவேண்டும். பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. உங்கள் சமையலறையில் வைத்தாலும் ஏதோ ஓர் எண் காட்டும். கல்லில் இருக்கிறது, காற்றில் இருக்கிறது, உங்கள் எலும்பில் இருக்கிறது. உலகத்தில் எங்கேயும் பூஜ்யம் இல்லை.

அவர் பக்கத்தில் இருந்தது.

அவர் அடுத்த கம்பத்துக்கு நடந்தார். நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். என் காலடியில் நறுக், நறுக். ஒரு ஜோடிக் கால் சத்தம்தான்.

“அஞ்சு. ஒண்ணு பாயிண்ட் சைபர் நாலு.”

எழுதினேன்.

என் மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. அவர் வாயைத் திறந்து பேசினார். புகை வரவில்லை.

“ஆறு. ஒண்ணு பாயிண்ட் ரெண்டு சைபர்.”

எழுதினேன். எட்டு... பத்து... பன்னிரண்டு. 11:12. மமசாலியின் ஹாரன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

“பதிமூணு,” என்றார்.

“கம்பம் பன்னெண்டுதான், பெரியவரே...”

“கீழ இருக்கு. எழுது. ரெண்டு பாயிண்ட் எட்டு ஆறு.”

“எங்க கீழ?”

கம்பமே இல்லாத இடம். வெறும் மூட்டம். அதற்குள் கோலை நீட்டினார். டிக்டிக்டிக்... வேகமாக.

“பதினாலு. நாலு பாயிண்ட் நாலு சைபர்.”

எழுதினேன்.

பதினைந்து. பதினாறு. பதினேழு. பதினெட்டு.

பிறகு நின்றார். கோலைத் தாழ்த்தினார். அதுவரை இடுப்புயரத்தில் பிடித்தவர், இப்போது குனிந்து, முழங்காலுக்கும் கீழே பிடித்தார்.

டிக்டிக்டிக்டிக்டிக்...

“பத்தொம்போது. ஏழு பாயிண்ட் மூணு ஒண்ணு.”

எழுதினேன்.

முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். சாதாரண முகம். அதுதான் பயங்கரம். சுரங்கத்து வாசலில் தினம் பார்க்கக்கூடிய ஒரு முகம். காறித் துப்பலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரி பார்த்தார்.

“கையெழுத்துப் போடு.”

குனிந்தேன்.

போட்டேன்.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

என் கருவி வீறிட்டுக் கத்தியது...

ஓடினேன். விழுந்தேன். எழுந்தேன். ஜீப்பின் கதவைப் பிடித்தபோது மணி 11:35.

“என்ன எஜே, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?”

“ஏன்டா ஹாரன் அடிக்கல?”

“ஏழு தடவ அடிச்சேன். எதிர் மலையில ஆடெல்லாம் மெரண்டு ஓடுச்சு.”

கொதிக்கிற டீயை பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தான். பாதியை மடியில் கொட்டிக்கொண்டேன்.

மறுநாள் குழு வந்தது. ஸ்டென்கா என்ற செக் நாட்டுப் பெண்தான் தலைவி. அவள் கையில் நான் பழைய எண்களைக் கொடுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டைக் கொடுத்தேன். நான் திடீரென்று நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மறுபடி அந்தக் கிழவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். அவள் தானே மேலேறி அளந்துவிட்டு வந்தாள். பன்னிரண்டும் ஒத்துப்போயின, கடைசிப் புள்ளிவரை.

தூய்ஷோன்பெக் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

“பைத்தியமா உனக்கு? அந்த நம்பர யார் குடுத்தா?”

“கருவி குடுத்துச்சு பைக்கே.”

“இத்தன வருசம் குடுக்காத கருவி இன்னிக்குக் குடுத்துச்சா? நீயும் நானும் ஒண்ணாத்தான் கையெழுத்துப் போட்டோம், ஞாபகம் இருக்கட்டும்.”

மற்ற ஏழு எண்களை நான் யாரிடமும் காட்டவில்லை. பன்னிரண்டு கம்பத்துக்குப் பத்தொன்பது எண் என்று நீட்டினால் சிரிப்பார்கள் அல்லவா? பதின்மூன்றிலிருந்து பத்தொன்பதுவரை ஒரு கோடு போட்டு அடித்தேன். ஸ்கேல் வைத்து, நேராக. எங்கள் அலுவலகத்தில் எதையும் சுத்தமாகச் செய்வோம்.

ஜூன் மாதம் ஸ்டென்கா மறுபடி வந்தாள். இந்தமுறை மேட்டை விட்டுவிட்டு ஊருக்குள் இறங்கினாள். வீடு வீடாக, அறுநூற்றுப் பதினான்கு கட்டிடங்கள். பதினேழு நாள். முடிவு ஒரே தாளில் வந்தது. ஏழு இடங்களில் ஆபத்து. மேட்டுப் பலகையில் கட்டிய தொழுவம், மேட்டுக் கல்லில் கட்டிய ரொட்டி அடுப்பு, கிணற்றுச் சுவர்...

2.86. 4.40. அதற்குமேல் நான் தாளைப் படிக்கவில்லை. நோட்டைத்தான் படித்தேன். வரிசை மாறவில்லை. அடித்த கோட்டுக்கு அடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கடைசி, 7.31. ஊர்ப் பாலர் பள்ளியின் புது விளையாட்டறை. ஏப்ரலில் தூய்ஷோன்பெக் கத்தரிக்கோலால் நாடா வெட்டித் திறந்துவைத்த அறை. தரையில் போட்ட மணல் ஐந்தாம் மேட்டிலிருந்து வந்தது. மாவு மாதிரி நைசான மணல், இலவசம் வேறு. முப்பத்தொரு குழந்தைகள் அதன்மேல் இரண்டு மாதம் தவழ்ந்து, படுத்து, தூங்கியிருக்கிறார்கள். மமசாலியின் மகள் அய்பீகேயும் அதில் ஒருத்தி.

அவன் தாளை என்னிடம் நீட்டினான்.

“எஜே, ஏழுன்னா... ரொம்பவா?”

தாளை வாங்கி மடித்தேன்.

“சொல்லுங்க எஜே. நீங்க படிச்சவங்கதானே?”

“ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்டா. அடுத்த வருசமும் பாக்கணும். அதுக்கடுத்த வருசமும்.”

அவன் வாயிலிருந்த புகையிலையை வெளியே துப்பினான். பிறகு வண்டிச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப்பின் என்னோடு பேசியதில்லை. தூய்ஷோன்பெக் மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டார், பதவி உயர்வில். விழாவுக்கு ஆட்டுக்கறி விருந்து. நானும் போய்ச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிழவன் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தது ஒன்றே ஒன்றுதான். பாலர் பள்ளிக்குப் போய், அந்த அறையைக் கட்டிய கொத்தனாரிடம் தேதி கேட்டேன். அவர் சுவரில் கரியால் குறித்து வைத்திருந்ததைக் காட்டினார். மணல் லாரி வந்தது மார்ச் 9. தரை போட்டது மார்ச் 11.

“அதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?” என்று கேட்டேன். “போன நவம்பர்ல?”

“ஒண்ணுமில்ல எஜே. வெறும் புல்லு. யாரோ கழுதை கட்டிப் போட்டிருந்தாங்க.”