கூடையில் இறங்கிய திறப்பு

ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த வீட்டை நான் கிடைக்காமல் செய்தேன். காலியாக இருந்த வீட்டைப் போய்விட்டது என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினேன். அப்போது அந்த வீட்டுப் பூட்டின் திறப்பு என் கைக்குள் இருந்தது.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசித்துக்கொண்டு போகையில் நீங்கள் எனக்காக ஒரு நியாயம் தேடத் தொடங்குவீர்கள். தேட வேண்டாம்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், பொலித்தேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். படி துடைப்பது, குப்பை இறக்குவது, குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவது. படிக்குக் கீழே ஈரம் ஊறிய ஓர் அறையில் படுக்கை. அந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகள் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு வாடகைக்குப் போகும். பக்கத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓர் அயர்லாந்துக்காரனோ கனடாக்காரியோ வந்து நிற்பார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எந்தப் பகுதியில் இருந்தால் நல்லது?

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் இந்தப் பாடத்தில் பேராசிரியராகிவிட்டேன். போர்கோ வெக்கியோ வேண்டாம், சந்தை இரைச்சல் தாங்காது. சீசா வேண்டாம், பஸ்ஸை நம்ப முடியாது. பகேரியாவா? பாதி ஆயுள் ரயிலில் போய்விடும். இங்கேயே இருங்கள்.

அதே கேள்வியை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் மாதா கோயிலில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் கேட்கும். "போர்கோ வெக்கியோ திறமான இடம், சந்தை வாசலிலையே. சீசாவிலை எங்கடை ஆக்கள் கனபேர். பகேரியா நல்ல காற்று" என்பேன்.

ஒரே தெரு. ஒரே சாக்கடை நாற்றம். கேட்கிற முகத்தைப் பார்த்து என் நாக்கு மாறும்… என்ன நாக்கு இது என்று அப்போது எனக்கு அருவருக்கவில்லை.

இந்த வித்தையை நான் கற்றது இங்கே வருமுன், கொரியாவில். பூசான் நகரத்தில் நான்கு வருடம் ரப்பர் வார்க்கும் தொழிற்சாலையில் நின்றேன். தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கொள்கலன்தான் வீடு. ஆங்கில ஆசிரியர்கள் கடற்கரையோரத்து உயர்மாடிகளில் இருந்தார்கள். ஒரு ஞாயிறு நானும் என் கூட்டாளி ஒருவனும் துணிந்து அந்தப் பகுதி வீட்டுத் தரகனிடம் போனோம். அவன் எழுந்து வணங்கி, காகிதக் கோப்பையில் கோப்பி தந்தான். பிறகு, வெளிநாட்டவருக்கு இங்கே கொடுப்பதில்லை என்றான். நாங்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு வெள்ளைக்கார வாத்தியார் உள்ளே வந்து தன் வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போனான்.

நாங்கள் கோப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தோம். இன்றைக்கும் அதுதான் குமட்டுகிறது. குடித்து முடித்தது.

இனி டிலானியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முருங்கன் ஊர்க்காரி. மன்னாரில் சில வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். அக்காள் இங்கே இருந்தபடியால் படிக்கவென்று வந்து, படித்து முடித்து, நான் சொன்ன அந்தப் பள்ளியிலேயே ஆசிரியை வேலை எடுத்திருந்தாள். எங்கள் சனத்தில் வீட்டு வேலைக்குப் போகாமல் கரும்பலகைக்கு முன்னால் நிற்கப்போகிற ஒருத்தியை நான் பார்த்தது அதுதான் முதல் தரம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். மூன்று கிழமைக்குள் அதைக் கொண்டுபோய் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கொடுத்தால், வேலை செய்து இங்கே இருக்க அனுமதிக்கும் பெர்மெசோ கிடைக்கும். கொடுக்காவிட்டால் வேலை இல்லை.

கட்டடத்துச் சொந்தக்கார அம்மாவுக்கு, சின்யோரா என்போம், எண்பது கடந்த வயது. மூன்றாம் மாடியில் இருந்தார். முழங்கால் சரியில்லை, லிஃப்டும் இல்லை. ஆனால் எந்தத் திறப்பையும் கீழே விட்டுவைக்க மாட்டார். இங்கே பழைய பெண்கள் பாணுக்கும் காய்கறிக்கும் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார்கள் அல்லவா, இவர் திறப்பையும் அப்படித்தான் இறக்குவார். வீடு பார்க்க ஆள் வந்தால் நான் மணியை அடிக்க வேண்டும். அவர் வெளியே வந்து, கீழே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். பிடித்தால் கூடையில் திறப்பு வரும். பிடிக்காவிட்டால் வெறும் கூடை வரும். வெறும் கூடை வந்தால், வீடு போய்விட்டது என்று நான் சொல்லி அனுப்ப வேண்டும். ஆறு வருடத்தில் இரண்டு தரம்தான் வெறும் கூடை வந்தது. ஒருவன் குடித்திருந்தான். மற்றவனிடம் கன்றுக்குட்டி அளவில் நாய் இருந்தது.

டிலானி காலை பத்து மணிக்கு வந்தாள். வருவது யார் என்று பள்ளியிலிருந்து முன்பே சொல்லியிருந்தார்கள். நான் வாளியையும் துடைப்பத்தையும் படிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஏன்? கோயிலில் நான் கட்டடத்துக்குப் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன். அதை அவர்கள் மனேச்சர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. வருடக்கணக்காகத் திருத்தவில்லை.

"ரூபன் அண்ணாதானே? கோயில்லை கண்டனான். இஞ்சை நீங்கள்தான் மனேச்சர் எண்டு அக்கா சொன்னவ."

கையை நீட்டினாள். என் கையில் பிளீச் மணம். நான் கும்பிட்டேன்.

மணியை அடித்தேன். சின்யோரா வெளியே வர நேரம் எடுக்கும். அதற்குள் அவள் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"இது பன்ரண்டாவது வீடு அண்ணா. போனிலை வாங்கோ வாங்கோ எண்டுகினம். முகத்தைக் கண்ட உடனை, ஐயோ இப்பதான் போனது எண்டுகினம். ஒருத்தர் என்னைக் கண்டிட்டு, துடைக்கிற பொம்பிளை நாளைக்கெல்லோ வரவேணும் எண்டார்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாளி எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் இருந்தது.

மேலே சின்யோரா எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். கப்பி கிரீச்சிட்டது. கூடை இறங்கத் தொடங்கியது.

மூன்று மாடி இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு நிமிடம் இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நாளைக் காலை இவள் வேலைக்கு இறங்கி வருவாள். நான் முழங்காலில் நின்று படி துடைத்துக்கொண்டிருப்பேன். "எழும்பாதேங்கோ அண்ணா, நான் ஓரமாப் போறன்" என்று நுனிக்காலில் கடந்து போவாள். இவளுடைய குப்பைப் பையை நான் தூக்குவேன். இவள் கெட்ட மனதோடு ஒன்றும் சொல்ல மாட்டாள், பாவம் அண்ணா, கடும் வேலை என்றுதான் சொல்லுவாள்… கோயில் முழுக்கச் சொல்லுவாள்.

வெள்ளைக்கார வாத்திமாரின் கழிப்பறையை ஆறு வருடம் கழுவினேன். ஒரு நாளும் கூசவில்லை. என் பாஷை கதைக்கிற ஒருத்தி மேலே இருப்பாள், நான் கீழே இருப்பேன் என்றதும் உடம்பெல்லாம் எரிந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நான் வைத்த பெயர்கள் எதையும் தாளில் எழுத முடியாது.

கூடை என் நெஞ்சளவுக்கு வந்து நின்றது. உள்ளே திறப்பு இருந்தது. எடுத்துப் பொத்திக்கொண்டேன்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. இந்த வீடு காலமை போயிட்டுது."

அவள் என் பொத்திய கையைப் பார்த்தாள்.

"அப்ப இந்தத் திறப்பு?"

"அது கீழை சாமான் அறையின்ரை."

"ஓம்… சரி." கைப்பையைத் தோளில் சரி செய்தாள். "நீங்களெண்டாலும் நேரை சொன்னியள் அண்ணா. வேறை எங்கை பாக்கலாம்?"

"பகேரியாவிலை பாருங்கோ" என்றேன். "நல்ல காற்று."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தெரு முனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடும் தூரம்தான்.

பிறகு மேலே போய்ச் சின்யோராவிடம் திறப்பைக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்கு வீடு சிறிதாய்ப் போய்விட்டதாம் என்றேன். ஆறு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அது.

"பெக்காத்தோ" என்றார். ஐயோ, வீணாய்ப் போயிற்றே என்பதற்கு இங்கே சொல்லும் சொல் அது. "நல்ல முகம் அவளுக்கு. ஆசிரியை முகம்."

நீங்கள் இவ்வளவு நேரமும் சின்யோராதான் கதவை அடைக்கப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். நானும் பிற்பாடு எத்தனையோ தரம் நினைவைக் கிளறிப் பார்த்தேன், அந்த முகத்தில் ஒரு சுளிப்பாவது அகப்படாதா என்று. அகப்படவில்லை.

அடுத்த கிழமை ஒரு கனடாக்காரன் அந்த வீட்டுக்கு வந்தான். அவனுடைய பெட்டியை நான்தான் மேலே தூக்கிக்கொண்டு போனேன்.

டிலானிக்குப் பகேரியாவில் ஓர் அறை கிடைத்தது. ஒப்பந்தம் எழுத மாட்டோம் என்றார்கள். தவணை முடிந்தது. பள்ளி வேறு ஆளை எடுத்தது. அவள் சீசாவில் ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனாள். அந்த வீட்டிலேயே தங்கல். பெர்மெசோவும் அந்த வேலைக்கே ஆகிவிட்டது. கரும்பலகை அத்தோடு முடிந்தது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சுவாமி என்றேன். என்ன பொய் என்று சுவாமி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். கொரியாக் கோப்பியைப் போல அதையும் மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

கோயில் வாசலில் அவள் மற்றவர்களிடம் சொல்லுவாள்: "எல்லாரும் என்னை அலைக்கழிச்சவை. ரூபன் அண்ணா ஒருத்தர்தான் முகத்துக்கு நேரை உண்மையைச் சொன்னவர்." நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மினுக்கிய சப்பாத்து.

போன வருடம் சின்யோரா இறந்துபோனார். பிள்ளைகள் கட்டடத்தைச் சுற்றுலாக்காரர் தங்கும் இடமாக மாற்றினார்கள். என்னை மாத முடிவில் வெளிக்கிடச் சொன்னார்கள். வீடு தேடினேன். போனில் வாங்கோ என்றார்கள். முகத்தைக் கண்டதும் இப்போதுதான் போனது என்றார்கள். அந்தக் குரலில் எங்கே பொய் தொடங்கும் என்று எனக்குத் தெரியும்… நான் அந்தத் தொழில் செய்தவன்.

டிலானி கேள்விப்பட்டு வந்தாள். அவள் பார்க்கும் கிழவரின் மகனுக்குச் சீசாவில் கீழ்மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது.

"உங்களுக்கு நான் பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டன் அண்ணா. ஒப்பந்தமும் பதிஞ்சு தருவினம். இந்தாங்கோ, திறப்பு."

அப்போது வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன்.

"கன உபகாரம் தங்கச்சி" என்று வந்தது.

இதை அந்த அறையில் இருந்துதான் எழுதுகிறேன். வெயில் விழுகிற அறை. சுவரில் ஈரம் இல்லை. ஒவ்வொரு மாலையும் திறப்பைப் பூட்டில் போடும்போது, அன்றைக்குப் பொத்திய அதே கை…

வியாழன் மத்தியானம் அவளுக்கு ஓய்வு. வரும்போது தட்டுவாள். தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். "அறை பிடிச்சிருக்கோ அண்ணா?" என்று ஒவ்வொரு தரமும் கேட்பாள். ஓம் என்பேன்.

இன்றைக்கு வியாழன். அவள் தமிழ் நன்றாக வாசிப்பாள். வருமுன் இந்தத் தாள்களை எங்கேயாவது ஒளித்துவைக்க வேண்டும்.

படுக்கைக்குக் கீழே வாளி இருக்கிறது. அதற்குள் வைக்கலாம்.