லிஃப்டுக்குள் கேட்ட குரல்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'ஊமையன்'. இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்துக்கு கிரீஸ் பூசுகிறவர் யாரோடு பேசுவார்? வீட்டிலும் அளந்துதான் பேசுவார். அதனால் அவர் தனக்குத்தானே முணுமுணுக்கத் தொடங்கியபோது, "இப்பவாவது வாயைத் திறந்தாரே" என்று மனைவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு பெண் மாட்டிக்கொண்டு தன்னைக் கூப்பிடுகிறாள் என்று, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். அவர் கவனித்த லிஃப்ட் எதிலும் யாரும் செத்ததில்லை. ஒருமுறை ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவை உடைத்தார் என்று போலீஸ் பிடித்துப்போய் லாக்கப்பில் அடைத்தது. வெளியே விடச் சொல்லிக் கம்பியில் மோதியதில் முன்பற்கள் போயின. குடிகாரன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய அண்ணன் இவர்கள் வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்டை நிறுத்திவிட்டு, மொட்டைமாடி மோட்டார் அறையில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். இம்முறை வந்த பெண் போலீஸ் ஒரு மனநல மருத்துவரையும் கூட்டி வந்திருந்தார். இப்படிப்பட்ட அழைப்புகளுக்குப் போலீஸையும் மருத்துவரையும் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு அந்த வருஷம்தான் தொடங்கியிருந்தது. படியேறி வந்த பருத்த உடம்பு டாக்டருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"முதல்ல உக்காருங்க சார். உங்களைத் தூக்கிட்டு இறங்க என்னால ஆகாது" என்றார் பெண் போலீஸ். லத்தியைப் படியிலேயே வைத்துவிட்டு அவரும் வாசலில் உட்கார்ந்தார்.

"கரண்டைப் போடாதீங்க. அவ நசுங்கிடுவா" என்றார் மெக்கானிக்.

"போட மாட்டோம். உள்ள யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு பொண்ணு. மூச்சு முட்டுதுங்கிறா."

"எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேக்குதுன்னா நம்புறேன். சரியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

அவர் கண் காக்கிச் சட்டைக்குப் போனது. "இவங்க அடிப்பாங்க."

"அடிக்க மாட்டேன்ணே. விலங்குகூடக் கொண்டுவரல. வாங்க, நீங்களே தொறந்து பாருங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அண்ணி கீழதான் நிக்கிறாங்க."

லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றிருந்தது. தன் சாவியாலேயே திறந்தார். பெட்டி காலி. அதன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது ஓயும்வரை இருவரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். பெண் போலீஸ் பார்க்க வந்தார்.

"குரல் ஏதும் கேக்குதாண்ணே?"

"மாத்திரை போட்டதுலேர்ந்து இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அவளை யாரு வெளிய எடுத்தாங்கன்னு யாருமே சொல்லலையேம்மா."

பெண் போலீஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

கம்பெனி அவரைக் குடோனுக்கு மாற்றியது. மருந்தால் விரல்கள் நடுங்க, திருகாணிகள் கையில் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் அந்த வேலையும் போயிற்று. இப்போது மனைவி ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறாள். கிளம்பும்முன் அவருடைய சட்டைப் பித்தான்களைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போகிறாள்.