குண்டனி நாட்டில் அறிவை அளந்த வாரம்

காரவள்ளியில் ஜாபர் உசேன் ராவுத்தரின் மிளகு மண்டியில் தராசு பிடித்துக்கொண்டிருந்த செல்லமுத்துவை, மலையிலிருந்து மூட்டை சுமந்து இறங்குகிறவர்கள் மட்டும் “வாத்தியாரே” என்று கூப்பிடுவார்கள். அவர் நிமிர மாட்டார். பெயரைச் சொன்னால்தான் திரும்புவார். மண்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைக் கேலிப்பட்டம் என்று நினைத்துக்கொண்டு தாங்களும் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ராவுத்தர் அதட்டுவார். செல்லமுத்து மெய்யாகவே வாத்தியாராக இருந்தவர். பினாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகையில், மலைக்காரர் யாராவது படித்து, இப்படியா நடந்தது என்று கேட்டுவிடுவார்களோ என்று எனக்குக் கலக்கமாகத்தான் இருக்கிறது. அந்த மண்டியில் நானும் இருந்த நாளில் அவர் வாயால் கேட்டதை மட்டுமே எழுதுகிறேன்.

அவர் சிறுவனாக இருந்தபோது துரை ஒருவர் மலைமேல் குண்டனி நாட்டில் முகாம் போட்டார். எல்லாரும் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க, செல்லமுத்துவின் அப்பன் மட்டும் மகனை முன்னால் தள்ளி, “எம் பையன் கெட்டிக்காரனுங்க” என்றார். துரை இரண்டொரு கேள்வி கேட்டுச் சந்தோஷப்பட்டு, அவனையும் இன்னும் இரண்டு பையன்களையும் கீழ்நாட்டு விடுதிக்கு அனுப்பி வைத்தார். அந்த வருஷமே விடுதியில் வாந்திபேதி கண்டது. மற்ற இரண்டு பேரும் செத்துப்போனார்கள். உடம்பைக்கூட மேலே கொண்டுவரவில்லை. செல்லமுத்து படித்து, வாத்தியார் பயிற்சியும் முடித்து, சட்டை போட்டுக்கொண்டு ஏறி வந்தார். மலையே தன்னைப் பார்த்துப் பெருமைப்படுகிறது என்று நினைத்தார்.

வெளியாள் யாராவது ஒரு பிள்ளையைப் பார்த்து, நல்ல சூட்டிகையாக இருக்கிறதே என்று சொன்னால், தாய்க்காரி உடனே, “இதுங்களா? மண்ணுங்க, ஒண்ணுந் தெரியாது” என்று சொல்லிப் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்வாள். அங்கே எல்லா வீட்டிலும் அதே வழக்கம். கண்ணேறுக்குப் பயப்படுகிறார்கள் என்றுதான் செல்லமுத்து வெகுகாலம் எண்ணியிருந்தார்.

பள்ளிக்கூடம் ஒரு புல்வேய்ந்த கொட்டகை. நான்கு வகுப்புக்கும் அவர் ஒருவரே வாத்தியார். சாமை அறுப்பு வந்தால் பாதிப் பிள்ளைகள் காட்டில் இருக்கும். இதை மூடிவிடலாமா, மேல்வகுப்புகள் சேர்க்கலாமா என்று கல்வி ஆபீசில் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில், சென்னையிலிருந்து அருணாசலம் என்ற ஆராய்ச்சிக்காரர் வரப்போவதாகச் சேதி வந்தது. பிள்ளைகளின் மனத்தைப் பற்றிய சாஸ்திரம் படித்தவர். மலைப் பிள்ளைக்கும் கீழ்நாட்டுப் பிள்ளைக்கும் அறிவில் வித்தியாசம் உண்டா என்று சோதித்துச் சொல்வார். அவர் சொல்வதை வைத்தே முடிவு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

செல்லமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கண்ணாயி என்று ஒரு சிறுமி அவர் பள்ளியில் இருந்தாள். அவர் கணக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்லுங்க என்று நச்சரிப்பாள். அவள் ஒருத்தி போதும் என்று நினைத்தார். வீடுவீடாகப் போய், நம் பிள்ளைகளின் அறிவை அளக்க மெட்ராசிலிருந்து பெரிய மனுஷர் வருகிறார் என்று சொன்னார்.

கண்ணாயியின் தாய் அத்தாயி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அளந்து பெருசா இருந்தா என்ன பண்ணுவாங்க வாத்தியாரே?”

“மேல படிக்க வெப்பாங்க.”

“எங்க வெச்சு?”

“கீழதான்.”

அத்தாயி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அருணாசலம் நல்ல மனுஷர். காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறி, கால் வீங்கி வந்து சேர்ந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே படிப்புக் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடு என்று முதல் நாளே சொன்னார். மரத்துண்டுகளும் படங்களும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்காரவைத்துக் கேட்டார். தாய்மார்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வெளியே பலாமரத்தடியில் வந்து நின்றார்கள்.

முதல் பையன் எல்லாவற்றுக்கும் “தெரியலீங்க” என்றான். இரண்டாமவனும் அப்படியே. கையில் எத்தனை விரல் என்று கேட்டதற்கும் தெரியலீங்க. சதுரத் துண்டை எடுத்து வட்டக் குழியில் வைத்து அழுத்திக்கொண்டே ஒருத்தி வெளியே தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்தாள். மண்ணுங்க என்று தாய்மார்கள் சொல்வது கண்ணேறுக்காக இல்லை என்று அப்போதுதான் செல்லமுத்துவுக்குப் புரிந்தது.

கண்ணாயியின் முறை வந்தது. சக்கரம் இல்லாத வண்டியின் படத்தைக் காட்டி, எது குறைகிறது என்று கேட்டார் அருணாசலம். மலையில் ஏது வண்டி? அவள் கண் படத்திலேயே ஒட்டிக்கொண்டது. அது என்ன என்று கேட்க வாய் திறந்தவள், மூடிக்கொண்டாள். பிறகு இரண்டும் மூன்றும் எத்தனை என்றதற்கும் தெரியலீங்க என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள்.

செல்லமுத்து அருணாசலத்தைத் தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். கெட்டிக்காரப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள், போன பிள்ளை திரும்பாது என்று இங்கே நினைக்கிறார்கள். மறைக்கச் சொல்லி வளர்க்கிறார்கள். இது மந்தம் இல்லை, பயம்.

“பயத்தை அளக்க என்னிடம் கருவி கிடையாது” என்றார் அருணாசலம். அவர் குரலில் ஏளனம் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் வாத்தியார்கள் இதையேதான் சொல்கிறார்கள் என்றார். ஆனாலும் மனசு கேட்காமல், ஒரு பிள்ளையிடம் மட்டும் பேசிப்பார்க்க அவருக்கு அனுமதி கொடுத்தார்.

செல்லமுத்து கண்ணாயியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“கண்ணு, தெரிஞ்சதச் சொல்லு சாமி. உன்னை யாரும் எங்கயும் கொண்டுகிட்டுப் போக மாட்டாங்க.”

“உங்களக் கொண்டுகிட்டுப் போனாங்கள்ல?”

தான் திரும்பி வந்ததை மலை கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. போய் மடிந்த இரண்டு பேரையே அது நினைத்துக்கொண்டிருந்தது. தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சியின் முடிவு இங்கிலீஷில் வந்தது. இவர்கள் பிறவியிலேயே மந்தமானவர்கள், ஏட்டுப்படிப்பு இவர்களுக்குச் சுமை, கூடை முடையக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று அதில் இருந்தது. உதவிக்கு நன்றி என்று செல்லமுத்துவின் பெயரையும் அச்சிட்டிருந்தார்கள். பிறகு பள்ளியை மூடும் உத்தரவு வந்தது. அதற்குள் கண்ணாயி வகுப்பிலும் வாய் திறப்பதை நிறுத்தியிருந்தாள். நடிக்கிறாளா, நிஜமாகவே மறந்துவிட்டாளா என்று அவருக்கே பிடிபடவில்லை.

உத்தரவு வந்த வாரம் தாய்மார்கள் சேர்ந்து மாரியம்மனுக்குக் கோழி அறுத்துச் சாமைச் சோறு ஆக்கினார்கள். முதல் இலை வாத்தியாருக்குத்தான் என்று பிடிவாதமாக அழைத்துப்போனார்கள்.

“உங்க புண்ணியத்துல ஒண்ணையும் கொண்டுகிட்டுப் போகலீங்க” என்றாள் அத்தாயி. அவள் முகம் அப்படித் தெளிந்திருந்ததை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

என்ன நடந்துவிட்டது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். கண்ணாயி தாயின் இடுப்பில் சாய்ந்துகொண்டு கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்தார்.

“இனி யாராச்சும் அளக்க வருவாங்களா வாத்தியாரே?”

“வர மாட்டாங்கம்மா. இனி யாரும் வர மாட்டாங்க.”

அத்தாயி கைகூப்பிவிட்டு, இன்னும் இரண்டு துண்டுக் கறியை அள்ளி அவர் இலையில் வைத்தாள்.